வரி கட்டினால் பணம் வரும் என்றார்கள்: 1,73,500 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். போனில் ஆடும் ஒரு சீட்டாட்டச் செயலியில் போனது 1,73,500 ரூபாய். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டுக் கூடத்துக்குக் கல் கேட்டுக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கொடுத்த முன்பணம் அது.

கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயத்தை ஊற்றிவிட்டால், அச்சைத் தூக்கும்வரை கண்ணை எடுக்க முடியாது. கொஞ்சம் அசைந்தாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். அந்த நேரம் பார்த்து மணல்காரர் வந்து நின்றால், மகனைக் கூப்பிட்டு "என் போனிலிருந்து அனுப்பிவிடுடா" என்பேன். ரகசிய எண்ணையும் வாய்விட்டே சொல்வேன். காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான், வயது 19.

போன மாதம் ஒருநாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அப்பா, 500 போட்டேன், 1,900 வந்திருக்கிறது பாருங்கள்." அந்தச் சீட்டாட்டச் செயலிதான். திட்டினேன். ஆனால் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை இரண்டாம் முறையும் படித்தேன். நான் படித்ததை அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் தூங்கவே இல்லை. "பேரன் போர்வைக்குள் விளக்கு வைத்துக்கொண்டு படிக்கிறான்" என்று என் ஆத்தா பெருமைப்பட்டார். 500, 2,000, 5,000 என்று 1,10,500 ரூபாய் போயிருக்கிறது. ஒருநாள் அழுதுகொண்டே வந்து நின்றான். கணக்கில் 2,10,000 ரூபாய் வெற்றிப் பணம் இருக்கிறதாம், 30 சதவீத வரியாக 63,000 கட்டினால்தான் எடுக்க முடியுமாம். செயலிக்காரன் என்னிடமே பேசினான். நல்ல தமிழ். "அண்ணே, இது அரசாங்க வரி, நாங்கள் என்ன செய்ய முடியும்?" அந்த 63,000-ஐ அனுப்பியது மகன் அல்ல, நான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நானே எண்ணைப் போட்டு அனுப்பினேன்.

வரி உண்மையிலேயே 30 சதவீதம்தான். ஆனால் அதை வென்ற பணத்திலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும், முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் பதில்கள் ஆரம்பித்தன. "அன்பான வாடிக்கையாளரே, கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." ஒன்பது முறை இதே வாசகம். பத்தாவதாக, சரிபார்ப்புக் கட்டணம் 25,000 கட்டச் சொன்னார்கள். கத்தினேன், என் போன் எண்ணையே முடக்கிவிட்டார்கள். வங்கியில் போய் நின்றால், "நீங்கள்தானே ரகசிய எண் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்தச் செயலியிலோ இரவு 12-க்கு மேல்தான் 'ராத்திரி போனஸ்'. ஆதார் கேட்கவே இல்லை. யாரோ அனுப்பிய சுட்டியைத் தொட்டதும் போனில் ஏறிவிட்டது. எங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்வாசலை விரியத் திறந்து வைத்த கதைதான் இது.

பணம் போன கணக்குகள் பதினொன்று. எல்லாம் தனி ஆட்களின் பெயர்கள், ஒரு கம்பெனி பெயர் கிடையாது. முன்பின் தெரியாதவர்களிடமிருந்து நள்ளிரவில் ஐந்நூறும் ஆயிரமுமாக ஒரு தனி ஆள் கணக்கில் வந்து விழுகிறதே, அது யார் கண்ணிலும் படாதா? செயலியை முடக்கினால் நாளைக்கு வேறு பெயரில் வரும். கை வைக்க வேண்டியது இந்தக் கணக்குகளில்தான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ரகசிய எண்ணைப் பிள்ளையிடம்கூடச் சொல்லாதீர்கள். பணத்தை எடுக்கப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் வெட்கத்தில் இரண்டு நாளைக் கடத்திவிட்டுத்தான் அழைத்தேன். புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

தொட்டியில் 80 கற்கள் ஊறுகின்றன. மிச்சக் கல்லுக்குச் சாயம் வாங்கக் காசில்லை. கோயம்புத்தூர்க்காரர் காலையிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார், நான் எடுக்கவில்லை.