கிளிக்கை அணைத்த ஸ்டுடியோ

வியாகுல மாதா திருநாளுக்காக ‘ஸ்தாபாத் மாத்தேர்’ பதிவு பண்ண, எட்டுப் பேரா பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். மரியாளோட துயரத்தைச் சொல்ற 13ஆம் நூற்றாண்டு லத்தீன் பாட்டு. மும்மூணு வரியா 20 கண்ணி. நாங்க எடுத்தது ஆறுதான். அடியில தம்புரா, நடுவுல வயலின், அது என் கைவரிசை.

இன்ஜினியர் தம்பி எடுத்த எடுப்புலயே கிளிக் போட்டார், அதான் தாளம் தப்பாம இருக்க ஹெட்போன்ல டிக் டிக்னு அடிக்கிற சத்தம். “தம்பி, இது விருத்தம் மாதிரி. சொல்லு போற போக்குலதான் பாடணும்”னேன். மறுபேச்சில்லாம அணைச்சுட்டு, எல்லாரையும் ஒரே மைக்கைச் சுத்தி நிக்க வெச்சார். அங்கதான் மூச்சு ஒண்ணு சேர்ந்துச்சு. அதுக்கே முழு மார்க்.

ஏசிதான் சனியன். போட்டா இரைச்சல் பதியுது, அணைச்சா ஆவணிப் புழுக்கம். மிக்ஸிங்ல எதிரொலியை அள்ளிக் கொட்டிட்டார். ரெண்டு தடவை குறைக்கச் சொன்னேன். மூணு மணி நேரத்துக்கு 2,400 ரூபாய். வண்டியை டீக்கடை ஓரமாத்தான் விடணும்.