கல்லாவில் பென்ஷன்: ஐந்துக்கு மூன்றரை

மாதாமாதம் என் பாட்டியை (ஆயா என்போம்) அரசாங்க முதியோர் பென்ஷன் எடுக்கக் கூட்டிப் போவது என் வேலை. இரண்டு வருடமாக தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற ஒரு சூப்பர்மார்க்கெட்டில்தான் எடுக்கிறோம். கடைப் பெயர் வேண்டாம், கல்லாப் பெண்ணுக்கு என்னைத் தெரியும்.

முதலில் நல்லது. கார்டைச் செருகி நம்பரை அழுத்தினால் கையில் பணம், அப்படியே அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். முன்பு விடியற்காலையே போய் பென்ஷன் கொடுக்கும் ஹால் வாசலில் நிற்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு உள்ளே விடுவார்கள், அப்புறம் கைரேகை மெஷின் ஆயாவின் விரலை ஏற்காது. ஊர்த் துணியெல்லாம் துவைத்துத் தேய்ந்த விரல், அதில் ரேகைக்கு எங்கே போவது? அந்தத் தொல்லை போனதற்கே இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம்.

இப்போது குறை. பென்ஷன் நாளன்று பத்தரைக்கெல்லாம் கல்லாவில் காசு தீர்ந்துவிடும், "மத்தியானம் வாங்க" என்பார்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. இதைவிட மோசம், தொகையைக் கத்திச் சொல்வது. 2024 அக்டோபரில் பென்ஷன் 2,190 ராண்ட் ஆனது, 75 தாண்டியவர்களுக்கு 20 ராண்ட் கூடுதல். ஆயாவுக்கு 78. "கோகோ (ஜூலு மொழியில் பாட்டி), டூ தவுசண்ட் டூ டென்?" என்று கல்லாப் பெண் கேட்டது வாசலில் நிற்கும் வட்டிக்காரன் காது வரை போயிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவின் கார்டும் ரகசிய நம்பரும் அவன் பையில்தான் இருக்கின்றன. கடனுக்காகக் கார்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு. ஆனால் யார் போய் புகார் கொடுப்பது, அடுத்த மாதமும் அவனிடம்தானே போக வேண்டும்.

அந்தக் கூடுதல் இருபது ராண்டுக்கு ஒரு ரொட்டி வாங்கினால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆனாலும் ஆயா பென்ஷனைக் குறைத்துப் பேச விடமாட்டாள். 1928-இல் இந்த நாட்டில் பென்ஷன் வந்தபோது இந்தியருக்குக் கிடையாது. 1944-இல்தான் கொடுத்தார்கள், அதுவும் வெள்ளைக்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவாக. எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-இல். ஆயாவின் அம்மா அந்தக் குறைந்த பணத்தில் காலம் தள்ளியவள். இன்று ஆயாவின் பணத்தில் நாலு பேர் சாப்பிடுகிறோம், வேலை தேடிக்கொண்டிருக்கும் என் தம்பி உட்பட. வேலையில்லாதவர்களுக்கான அரசாங்க உதவித்தொகையாக அவனுக்கு மாதம் வரும் 370 ராண்ட், நேர்முகத்துக்குப் போய்வர டாக்ஸிக்கே சரியாகப் போய்விடுகிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாதாமாதம் அரசாங்கம் பணம் போடுவதில் முதல் நாள் முதியோருக்கு, மறுநாள் ஊனமுற்றோருக்கு, மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. முதல் நாளே எடுக்காவிட்டால் காசு எங்கும் ஓடிவிடாது, கணக்கிலேயே இருக்கும். அந்த மூன்று நாளும் கழிந்து போனால் வரிசையே இருக்காது. இதை ஆயாவிடம் சொன்னேன்.

"அரிசி முப்பதாம் தேதியே தீர்ந்துபோச்சுடா," என்றாள்.

அடுத்த மாதமும் முதல் நாள்தான் போவோம். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.