குரங்கணி ட்ரெக்கிங் பேக்கேஜ்: 23,600 ரூபாய் போச்சு, நீங்களும் மாட்டிக்காதீங்க

குடியரசு தின லீவுக்கு "செஞ்சிக் கோட்டை + குரங்கணி மலையேற்றம் + டென்ட் ஸ்டே"ன்னு ஒரு ரீல்ஸ் சுத்திக்கிட்டு இருக்கு. பனி மூடின மலை, கோட்டை மதில் மேல ட்ரோன் ஷாட், பின்னாடி பாட்டு. தயவுசெஞ்சு அதுக்குப் பணம் கட்டாதீங்க. பொங்கல் லீவுல இதே பேக்கேஜுக்கு நாங்க நாலு பேர் கட்டின 23,600 ரூபாய் போயிடுச்சு. கேட்டா பதில் இல்லை, நேத்து என்னை பிளாக்கும் பண்ணிட்டாங்க. அதே கையோட அடுத்த ட்ரிப்புக்கு "இன்னும் 6 சீட் மட்டும்"னு போஸ்ட் போட்டிருக்காங்க. அதைப் பாத்ததும்தான் இதை எழுத உக்காந்தேன்.

பேரைப் போட மாட்டேன். புகார் நடந்துக்கிட்டு இருக்கு. ஆபீஸ், போர்டு எதுவும் இல்லாம, சோஷியல் மீடியாவுல மட்டும் பக்கம் வச்சு வார இறுதி ட்ரிப் நடத்துற கூட்டம். இந்த மாதிரி பக்கம் இப்போ நிறைய இருக்கு, எல்லாரையும் சொல்லலை.

நானும் என் மனைவியும், மச்சினனும், காலேஜ் படிக்கிற அக்கா பொண்ணும். அவளுக்குக் கோட்டைன்னா உயிர். போன வருஷம், 2025 ஜூலையில, பன்னிரண்டு மராத்தியர் கோட்டைகள் வரிசையில செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க இல்லையா, அந்தப் பன்னிரண்டுல தமிழ்நாட்டுல இருக்கிறது அது ஒண்ணுதான். அப்போ இருந்தே கோட்டையில இருக்கிற ராஜகிரி மலையைச் சொல்லி, "ராஜகிரி உச்சிக்கு ஏறணும் மாமா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சிவாஜியோட மகன் ராஜாராம் உள்ள இருந்துக்கிட்டு முகலாயப் படையை வருஷக்கணக்கா வெளியிலேயே காக்க வச்ச கோட்டை. அதையும் குரங்கணியையும் ஒரே ட்ரிப்புல பாக்கலாம்னதும் அவளுக்குத் தலைகால் புரியலை.

ஆளுக்கு 5,900. வேன், சாப்பாடு, டென்ட், வழிகாட்டி, "வனத்துறை அனுமதி உட்பட". இந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் பணம் கட்டினேன். காட்டுக்குள்ள அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாதுங்கிறதுல நான் ரொம்பக் கறார். அதனால போன்ல முதல் கேள்வியே அதைத்தான் கேட்டேன்.

பேசினது ஒரு பொண்ணு. அவ்வளவு பொறுமையாப் பேசினாங்க. ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க: எல்லாருக்கும் ரத்த வகை, பிபி, சுகர், மூச்சிரைப்பு உண்டா, முட்டி வலி உண்டா, அவசரத்துக்கு யாருக்குப் போன் பண்ணணும். என் மனைவிக்குத் தூசி அலர்ஜின்னு எழுதியிருந்தோம். அடுத்த நாள் அவங்களே கூப்பிட்டு, "மேடத்துக்கு இன்ஹேலர் தேவைப்படுமா சார், டென்ட்டை மாத்திப் போடச் சொல்லவா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு போன்லதான் நாங்க முழுசா நம்பினோம். பணம் அனுப்பற யுபிஐ ஐடியில பக்கத்தோட பேரு வராம ஒரு தனி ஆள் பேரு வந்தது. அதையும் கேட்டேன். "அது எங்க பார்ட்னர் சார், கம்பெனி அக்கவுண்ட் ஜிஎஸ்டிக்காக மாறிக்கிட்டு இருக்கு"ன்னு டக்குனு பதில். பணம் போன அரை மணி நேரத்துல வனத்துறை முத்திரையோட அனுமதிக் கடிதம் பிடிஎஃப்ல வந்துடுச்சு. எங்க நாலு பேர் பேரும் அதுல இருந்தது.

காலையில ஆறு மணிக்குத் தாம்பரத்துல வேன்னு சொன்னாங்க. வந்தது பதினொண்ணுக்கு. அதுவும் வெள்ளை போர்டு வண்டி. கூட வந்த ஒருங்கிணைப்பாளர் பையனைக் கேட்டா, "டி போர்டு வண்டி கடைசி நிமிஷத்துல ரிப்பேர் ஆயிடுச்சுண்ணா". வழியில ரெண்டு இடத்துல ஆள் ஏத்தி, சாப்பாட்டுக்கு நிறுத்தி, செஞ்சி போய்ச் சேர்றப்போ மணி மூணரை தாண்டிடுச்சு. ராஜகிரி வாசல்ல காவலர் கையைக் காட்டிட்டார், மூணு மணிக்கு மேல மலை ஏற விடறதில்லையாம். ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும்னு தெரிஞ்சவங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது. ட்ரிப் நடத்தறவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அக்கா பொண்ணு கீழ கல்யாண மஹால் படியில உக்காந்து, மேல தெரியற பாறை வெடிப்பையும் அதைத் தாண்டிப் போற பாலத்தையும் பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்தை பேசலை.

இதோட முடிஞ்சிருந்தாக்கூட நான் இந்தப் பதிவைப் போட்டிருக்க மாட்டேன்.

ராத்திரியெல்லாம் ஓடி விடியற்காலை தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், அங்கிருந்து குரங்கணி. வனத்துறை செக்போஸ்ட்ல என் போன்ல இருந்த பிடிஎஃபைக் காட்டினேன். அந்தக் காவலர் ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்தார். "சார், இதே நம்பர்ல போன வாரமும் ஒரு குரூப் வந்தாங்க. பேரை மட்டும் மாத்தியிருக்கான்"னார். பாத்தா ஆமா. கடிதம் முழுக்க ஒரு எழுத்து, எங்க நாலு பேரு மட்டும் வேற எழுத்து, கொஞ்சம் கறுப்பா, வரி சாஞ்சு. "அரசோட ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்துல புக் பண்ணவங்க லிஸ்ட் எங்ககிட்ட வந்துடும். அதுல உங்க பேரு இல்லை. என்னால விட முடியாது"ன்னு சொல்லிட்டு, எங்களுக்கு உக்கார நாற்காலியும் போட்டார். நல்ல மனுஷன்.

ட்ரிப் நடத்துற அந்தப் பக்கத்துக்காரங்களுக்குப் போன் அடிச்சா, "ரேஞ்சர்கிட்டப் பேசிட்டோம் சார், பத்து நிமிஷம்". அப்புறம் "நெட்வொர்க் இல்லை சார், திரும்பக் கூப்பிடறோம்". அப்புறம் எடுக்கவே இல்லை.

அப்போ அந்த ஒருங்கிணைப்பாளர் பையன் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னான் பாருங்க, இப்போ நினைச்சாலும் உடம்பு பதறுது. "அண்ணா, செக்போஸ்ட்டுக்கு முன்னாடியே தோட்டத்து வழியா ஒரு பாதை இருக்கு. நாளைக்கு விடிய நாலு மணிக்கு ஏறிட்டா யாரும் பாக்க மாட்டாங்க. போன ட்ரிப்ல அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம்."

எந்த மலையில நின்னுக்கிட்டு இதைச் சொல்றான்? 2018 மார்ச் 11 அன்னைக்கு இதே குரங்கணியில காட்டுத் தீயில சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. சென்னையிலிருந்து இதே மாதிரி குழுவா ட்ரெக்கிங் போனவங்களும் அதுல இருந்தாங்க. காய்ஞ்ச புல்லு பத்திக்கிட்டா எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாத சரிவு அது. அதுக்கப்புறம்தான் அதே வருஷம் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறையே அரசு கொண்டுவந்தது. யார் காட்டுக்குள்ள இருக்காங்கன்னு வனத்துறைக்குத் தெரியணும், தெரிஞ்சாத்தான் தீயோ யானையோ வந்தா தேடி வருவாங்க. லிஸ்ட்ல பேரே இல்லாத எங்களை யார் தேடுவா? அந்த ஃபார்ம்ல எழுதி வாங்கின ரத்த வகையை வச்சு என்ன பண்ணியிருப்பாங்க?

முடியாதுன்னுட்டேன். மத்தவங்ககிட்டயும் சத்தமாவே சொன்னேன், யாரும் போகலை.

டென்ட் ஸ்டேன்னு சொன்ன இடத்துல அப்படி ஒரு புக்கிங்கே இல்லை. வேன் டிரைவருக்கும் டீசல் காசைத் தவிர எதுவும் தரலை, அவரும் பாவம், அவங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போய்ட்டார். போடி பஸ் ஸ்டாண்டுல எங்களை இறக்கிவிட்டார். சொந்தக் காசுல பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம்.

அதுக்கப்புறம் நடந்த அலைக்கழிப்பு தனி. முதல்ல "ரீஃபண்ட் ஏழு வேலை நாள்ல வரும் சார்". அடுத்த நாளே பேச்சு மாறிடுச்சு: "வனத்துறை பக்கம் கேன்சல் ஆனா ரீஃபண்ட் கிடையாது, கண்டிஷன்ல இருக்கு". வனத்துறை எதைக் கேன்சல் பண்ணாங்க, அனுமதியே வாங்கலையேன்னு கேட்டா, "அக்கவுண்ட்ஸ் டீம் பேசுவாங்க". அந்த டீம்னு சொல்லிப் பேசினவர், "23,600-ஐ அடுத்த ட்ரிப்புல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார், வால்பாறை போறீங்களா?"ன்னார். போலிக் கடிதம் குடுத்தவங்களை நம்பி நான் வால்பாறைக் காட்டுக்குப் போகணுமாம்! இன்ஹேலர் கேட்ட அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் வரலை. அந்தப் பக்கத்தோட போஸ்ட்டுக்குக் கீழ ரெண்டு வரி எழுதினேன், அஞ்சு நிமிஷத்துல அழிச்சாங்க, அடுத்து பிளாக்.

1930-க்குப் போன் பண்ணி சைபர் கிரைம் புகார் பதிவு பண்ணியிருக்கேன். ஸ்டேஷன்ல ஒருத்தர் "நீங்களா விருப்பப்பட்டு அனுப்பின பணம்தானே, சிவில் மேட்டர்"னு தள்ளப் பாத்தார். அரசாங்க முத்திரையை வச்சுப் போலிக் கடிதம் தயாரிக்கறது எப்படி சிவில் மேட்டர் ஆகும்? அந்தப் பிடிஎஃபை பிரிண்ட் எடுத்து மேசையில வச்சதுக்கப்புறம்தான் மனுவை வாங்கினார். நுகர்வோர் ஆணையத்துக்கும் போறேன். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்போ கை ஓட மாட்டேங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். தமிழ்நாட்டுக் காட்டுல மலையேறணும்னா 2024-ல அரசு ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்துல நீங்களே உங்க பேருல புக் பண்ணுங்க, நாப்பது பாதை அறிவிச்சாங்க, உள்ளூர்ப் பிள்ளைங்கதான் வழிகாட்டி. தீ சீசன்ல பாதையை மூடுவாங்க, அப்போ "நாங்க கூட்டிட்டுப் போறோம்"னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. வெள்ளை போர்டு வண்டி வந்தா ஏறாதீங்க, வாடகைக்கு ஓட்டறதுக்கு மஞ்சள் போர்டு வேணும், விபத்துன்னா இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும். செஞ்சிக்கு எந்தப் பேக்கேஜும் வேண்டாம், திண்டிவனத்துல இருந்து பஸ் இருக்கு, காலையிலேயே போயிடுங்க. பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930, ரீஃபண்ட் வரும்னு ஏழு நாள் காத்திருக்காதீங்க.

குடியரசு தின ட்ரிப்புக்கு யாராவது ஏற்கெனவே கட்டிட்டீங்களா? உங்களுக்கு வந்த அனுமதிக் கடிதத்தை எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, நம்பரை ஒப்பிட்டுப் பாத்துச் சொல்றேன். எங்களோட அந்த வேன்ல வந்தவங்க யாராவது இதைப் படிச்சா நீங்களும் வாங்க, எல்லாரும் சேர்ந்து ஒரே புகாரா கொடுத்துடலாம்.