முல்லா வீதி அரபு வகுப்பு: ஹாதாவும் ஹாதிஹியும்

புதுச்சேரி முல்லா வீதியருகே வார இறுதியில் நடைபெறும் தொடக்கநிலை அரபு வகுப்பில் இரண்டு மாதங்களாகப் பயின்று வருகிறேன். உயிரற்ற பொருள்களையெல்லாம் அஃறிணையாக்கி ‘இது’ என்று சுட்டியே பழகிய நமக்கு, புத்தகம் ஆண்பால் என்பதால் ‘ஹாதா கிதாப்’ என்றும், கார் பெண்பால் என்பதால் ‘ஹாதிஹி சய்யாரா’ என்றும் சொல்லவேண்டியிருப்பது முதலில் தடுமாற்றமே. ஆசிரியர் ‘சய்யாரா’வைக் கரும்பலகையில் எழுதி, அதன் இறுதியில் இரு புள்ளிகளோடு தனித்து நிற்கும் ‘தா மர்பூத்தா’ என்ற எழுத்தை மட்டும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டபோது, பெண்பாலின் அடையாளம் கண்ணிலேயே பதிந்துவிட்டது. சேய்மைச் சுட்டையும் சன்னல் வழியே, எதிர்வீட்டைக் காட்டி ‘தாலிக்க பைத்’, தெருமுனைக் காரைக் காட்டி ‘தில்க்க சய்யாரா’ என்றே கற்பித்தார். தா மர்பூத்தா இல்லாமலே பெண்பாலாக வழங்கும் ‘ஷம்ஸ்’ என்ற சூரியனையும் ‘யத்’ என்ற கையையும் அவசரமாகக் கடந்தது பெருங்குறை. அவற்றுக்குத் தனி வகுப்பே ஒதுக்கியிருக்க வேண்டும்.