ஓவாப்ரிம்: முட்டை முற்றியிருந்தால் நம்பலாம்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டை மீன்களையும் முட்டையிடத் தூண்ட இன்று மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் அதிகம் புழங்கும் ஹார்மோன் ஊசிகளில் ஓவாப்ரிம் ஒன்று. நல்ல மருந்து. ஆனால் சினைமுட்டையின் வளர்ச்சியில் அது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று தெரியாமல் போட்டால் பணமும் போகும், தாய்மீனும் போகும்.

ஒரு மில்லியில் 20 மைக்ரோகிராம் சால்மன் ஜி.என்.ஆர்.எச். ஒப்புமைப் பொருளும் (சால்மன் மீனின் தூண்டு ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்தது) 10 மில்லிகிராம் டாம்பெரிடோனும் இருக்கின்றன. முதலாவது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, முட்டையை முற்றவைத்து வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. கெண்டை இனங்களில் மூளையில் உருவாகும் டோபமின் என்ற பொருள் அந்தச் சுரப்பை அழுத்திப் பிடித்திருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தவே டாம்பெரிடோன். இது இல்லாமல் தூண்டும் ஹார்மோனை மட்டும் செலுத்தினால் கெண்டையில் சரியாகப் பலிக்காது.

எல்.எச். சினைப்பையை எட்டியதும் முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் முதிர்வு ஸ்டீராய்டை உண்டாக்கும். அப்போது, மையத்தை விட்டு ஏற்கெனவே விலகத் தொடங்கிய உட்கரு ஓரத்துக்கு நகரும், அதன் சவ்வு கரையும், பிறகு முட்டை தன்னைச் சுற்றியுள்ள செல்லுறையை விட்டுக் கழன்று வரும். ஊசி செய்வது இவ்வளவுதான். அதற்கு முந்தைய வேலை, அதாவது ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலில் கல்லீரல் வைட்டலோஜெனின் என்ற மஞ்சள் கருப் புரதத்தைத் தயாரிப்பதும், அது இரத்தம் வழியே வந்து முட்டைக்குள் மஞ்சள் கருவாகச் சேர்வதும், மாதக்கணக்கில் தீவனத்தாலும் பருவத்தாலும் நடப்பது. அதை எந்தக் குப்பியாலும் ஓர் இரவில் ஈடுகட்ட முடியாது.

அதனால் வயிறு மெத்தென்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. மெல்லிய குழாயைச் சினைத்துளை வழியே செலுத்தி இருபது முப்பது முட்டைகளை உறிஞ்சி எடுங்கள். ஆல்கஹால் 6, ஃபார்மலின் 3, அசிட்டிக் அமிலம் 1 என்ற விகிதத்தில் கலந்த கரைசலில் போட்டால் சில நிமிடங்களில் முட்டை தெளிந்து உட்கரு தெரியும். பெரும்பாலான முட்டைகளில் அது மையத்தை விட்டு விலகியிருந்தால் அன்று மாலையே ஊசி போடலாம். நட்ட நடுவில் இருந்தால் தாய்மீனைக் குளத்துக்கே திருப்பி விடுங்கள். முட்டைகள் ஒழுங்கற்ற வடிவில், கலங்கி, சிதைந்து வந்தால் பருவம் தப்பி உடல் அவற்றை மீண்டும் உறிஞ்சத் தொடங்கிவிட்டது. அந்த மீனுக்கு இந்த ஆண்டு ஊசி வீண்.

பெண்மீனுக்குக் கிலோவுக்கு கட்லா 0.4–0.5 மில்லி, ரோகு 0.3–0.4, மிர்கால் 0.25–0.3, ஆணுக்கு 0.1–0.2 போதும். 2 கிலோ ரோகுப் பெண்ணுக்கு 0.7 மில்லி, 1.5 கிலோ ஆண்கள் இரண்டுக்குச் சேர்த்து 0.45 என்று வைத்தால், 10 மில்லி குப்பி எட்டுத் தொகுதிக்கு வரும். மருந்து கெட்டியானது. மெதுவாக உறிஞ்சி, முதுகுத் துடுப்புக்கும் உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டுக்கும் இடையிலுள்ள தசையில் செலுத்தி, ஊசியை மெல்ல உருவி அந்த இடத்தைத் தேய்த்துவிடுங்கள். அவசரப்பட்டால் ஒரு பகுதி வெளியே கசிந்துவிடும், பிறகு பழி மருந்தின் மேல் விழும்.

28 டிகிரி நீரில் 8 முதல் 12 மணி நேரத்தில் முட்டை விடும். நீர் குளிர்ந்தால் தாமதமாகும். தாமதத்தைக் கண்டு உடனே இன்னொரு டோஸ் ஏற்றுவதுதான் மிக மோசமான பழக்கம். முட்டைகள் நீரேறி உப்பி, வெளியேற முடியாமல் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தாய்மீன் பிழைப்பது அரிது.

வேறு மீன்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுக்கும் பழைய முறைச் சாற்றோடு ஒப்பிட்டால்? சாறு விலை குறைவு, ஆனால் பெண்மீனுக்கு ஆறு மணி இடைவெளியில் இரண்டு ஊசி, அதாவது இரண்டு முறை பிடித்து வதைக்க வேண்டும். சுரப்பிக்குச் சுரப்பி வீரியமும் மாறும். ஓவாப்ரிம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஊசி, டோஸ் கணக்கும் துல்லியம். ஒரு விஷயத்தில் சாறு முந்துகிறது. அது எல்.எச். ஹார்மோனையே நேரடியாகத் தருகிறது. ஓவாப்ரிமோ அந்த மீனின் சொந்தச் சுரப்பியில் இருப்பு இருந்தால்தான் வேலை செய்யும்.

தாய்மீனைப் பல மாதம் பராமரித்து, முட்டையைச் சோதித்துப் பார்க்கும் பொரிப்பகம் தாராளமாக வாங்கலாம். குளத்தில் பிடித்த மீனுக்கு அன்றே ஊசி போட நினைப்பவர், முதலில் அந்தக் குழாயையும் ஒரு சிறிய நுண்ணோக்கியையும் வாங்கட்டும்.