வழுக்கி விழவில்லை, கார்தான் மோதியது

திருச்சியில் 'சாலை ரோடு' என்ற தெருவைக் கடக்கும்போது என்னைக் கார் இடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் கழித்து மருத்துவமனையில் நடந்ததை நினைத்தால்தான் இன்னமும் ஆத்திரம் வருகிறது.

காரில் வந்தவர்கள் ஓடிவிடவில்லை. அவர்களில் ஒருவர் என் கூடவே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கும் வந்தார். "என்ன ஆயிற்று?" என்று டாக்டர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள், "சார் நடந்து போகும்போது வழுக்கி விழுந்துவிட்டார்" என்றார். டாக்டரும் எழுதத் தொடங்கிவிட்டார்! இடது மணிக்கட்டு வீங்கிக் கிடந்த அந்த வலியிலும், "கார் மோதியது, அப்படியே எழுதுங்கள்" என்று கத்தினேன். அந்த மனிதர் என் காதருகே குனிந்து, "எதற்கு சார் போலீஸ், கேஸ் எல்லாம்? நீங்கள் வெளிநாடு திரும்ப வேண்டியவர். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் விழும் அந்த முதல் வரியை இலேசாக எண்ணிவிடாதீர்கள். நாளை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுத்துக் காட்டப்போவது அதைத்தான். 'தானாக விழுந்தார்' என்று மருத்துவமனையே எழுதியிருந்தால், எத்தனை சாட்சி வந்தாலும் மறுபடி மேலேறுவது கடினம். வண்டி எண், இடம், நேரம், கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்று எல்லாவற்றையும் நானே சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கப் போனேன். எலும்பு முறிந்திருந்தது.

நான் வாழும் லண்டனில், ஆளை இடித்தவர் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும். காப்பீட்டுச் சான்றை அங்கேயே காட்டாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையம் போக வேண்டும். இங்கே மட்டும் சட்டம் இல்லையா என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் காயப்பட்டவருக்கு ஓட்டுநர் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. சட்டம் சமமாக இருக்கிறது. 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்ற பழக்கம்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காவல் நிலையத்திலும் அதே பேச்சுதான். முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். எப்.ஐ.ஆர். பதிந்து அதன் நகல் கைக்கு வரும்வரை நான் நகரவில்லை. நகலுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் தெருவில் பார்த்தது வேறு ஊர். நான் சிறுவனாக இருந்தபோது, அடிபட்டுக் கிடப்பவரைத் தொடவே பயப்படுவார்கள், சாட்சி என்று கோர்ட்டுக்கு இழுப்பார்களே என்று. இப்போதோ டீக்கடைக்காரர் என் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். ஓர் ஆட்டோக்காரர், "அசையாதீர்கள் அண்ணே" என்று சொல்லிவிட்டு 108-ஐ அழைத்தார். கேட்காமலேயே காரின் எண்ணையும் கார் நின்ற இடத்தையும் செல்போனில் படம் பிடித்து வைத்தார். 2019 திருத்தத்தில் வந்த 134அ பிரிவின்படி, உதவியவர் தம் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. இதை நான் சொன்னதும் அவர், "தெரியும் அண்ணே, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று பெயரையும் கொடுத்தார். லண்டன் நடைபாதையில் எனக்கு இப்படி ஒரு மடி கிடைத்திருக்குமா, தெரியாது.

பணம் பற்றி வீட்டில் எல்லோரும் பதறினார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் உண்டு. கவுண்டரில் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்ட பிறகுதான் எனக்கே சொன்னார்கள்.

இங்கிலாந்தில் இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். இங்கே ஆறு மாதங்களுக்குள் மனுவைப் போட்டுவிடுவதே பாதுகாப்பு. திருச்சியிலேயே வழக்கறிஞரிடம் வக்காலத்தில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஏ.ஆர். நகல், எப்.ஐ.ஆர். நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. லண்டனில் என் பயணக் காப்பீட்டுக்காரர்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டது அந்த ஏ.ஆர். நகலைத்தான்.