டிப்ளாய்டா டெட்ராப்ளாய்டா? டேலிலி கிராஸ் பண்ண எது வசதி

டேலிலிங்கிற தோட்டப் பூச்செடில சொந்தமா ஒரு ரகம் உருவாக்கணும்னு ஆசை வந்தவங்க எல்லாம் மாட்டிக்கிற இடம் இது, ஏன்னா இதுல டிப்ளாய்டு, டெட்ராப்ளாய்டு (சுருக்கமா டெட்ரா)னு ரெண்டு வகை, ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கிராஸ் பண்ணா பொதுவா விதை பிடிக்காது, ஒரு பக்கம் நின்னுதான் ஆகணும்.

குரோமோசோம்: டிப்ளாய்டு 22. டெட்ரா 44, கோல்ச்சிசின்ங்கிற ரசாயனம் போட்டு குரோமோசோமை இரட்டிப்பாக்கின செடிங்க வழியா வந்த வம்சம்.

பூ: டெட்ரா இதழ் தடிமனா இருக்கும், ஓரத்துல கொசுவம் வச்ச மாதிரி சுருக்கம், தண்டும் கெட்டி. டிப்ளாய்டு மெல்லிசு, ஆனா அந்த நளினம் டெட்ராவுல கொஞ்சம் கம்மிதான்னு எனக்குத் தோணும்.

விதை: இங்கதான் விஷயமே. பூ ஒரே நாள்தான் இருக்கும், காலைல வெயில் ஏறுறதுக்குள்ள மகரந்தப் பையைக் கிள்ளி இன்னொரு பூவோட சூலக நுனில தடவணும். டிப்ளாய்டு சட்டுனு காய் பிடிச்சிடும், டெட்ரா பல தடவை காயை உதிர்த்துட்டு போயிடும்.

பொறுமை: ரெண்டுக்கும் ஒண்ணுதான், விதைல இருந்து பூ வர ரெண்டு மூணு வருஷம்.

ரெண்டு பக்கமும் பேர் வாங்கின ரகம் உண்டு: ஜப்லோன்ஸ்கி உருவாக்கின ஸ்டெல்லா டி ஓரோ (1975) டிப்ளாய்டு, ஸ்டமைல் உருவாக்கின ஸ்ட்ராபெரி கேண்டி (1989) டெட்ரா, ரெண்டுமே டேலிலிக்கான பெரிய விருதான ஸ்டவுட் மெடல் வாங்கினது. ஸ்டெல்லாங்கிற அந்த குட்டி மஞ்சள் பூவை சீசன் பூரா திரும்பத் திரும்ப பூக்க வச்ச மனுஷனுக்கு ஒரு கும்பிடு!

புதுசா ஆரம்பிக்கிறவங்க டிப்ளாய்டு எடுங்க. பார்டர், சுருக்கம்னு பகட்டு வேணும், காய் உதிர்ந்தாலும் பரவாயில்லன்னா டெட்ரா.